புல்லிடம் தோற்காத சுந்தராம்பாள்

வடக்குப்பட்டில் சுந்தராம்பாளுக்கு இரண்டு பெயர் இருந்தது. எதிரே நிற்கும்போது சுந்தராம்பா. அவள் தெரு முனை திரும்பியதும் எக்ஸ்ரே.

களையெடுப்பதுதான் அவள் தொழில். அதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் சக்களத்தி நெல்லைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்து வயல்களில் நெல்லோடு நெல்லாக முளைக்கும் ஒரு களைக்கு ஊர் வைத்த பெயர் அது. அதுவும் ஒரு வகை நெல்தான். அதே உயரம், அதே பச்சை, அதே தோகை. பூக்கிற வரைக்கும் எது வீட்டுக்காரி, எது சக்களத்தி என்று யாருக்கும் தெரியாது. பூத்த பிறகு நீளமாக மீசை விட்டுக்கொண்டு நிற்கும்போது தெரிந்து பிரயோஜனமில்லை. உரத்தைத் தின்று, தண்ணீரைக் குடித்து, அறுவடைக்குச் சில நாள் முன்பாகவே தன் மணியையெல்லாம் சேற்றில் உதிர்த்துவிட்டு வெறும் தாளாக நிற்கும். உதிர்ந்தது அடுத்த போகத்தில் மறுபடி முளைக்கும். தப்பி மூட்டைக்கு வந்த மணியும் சிவப்பாக இருப்பதால் ரைஸ் மில்லில் முகம் சுளிப்பார்கள்.

இந்தச் சக்களத்தியைப் பயிர் ஒரு சாண் வளர்ந்திருக்கும்போதே சுந்தராம்பாள் கண்டுபிடித்துவிடுவாள். குனிந்தபடியே போவாள்; கை தானாகப் போய் ஒன்றைப் பிடுங்கும், பக்கத்தில் இருப்பதை விட்டுவிடும். கூட வேலை செய்த அம்சவல்லி பிடுங்கினதையும் விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு தடவை கேட்டாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேக்கா கீது? எப்படிக்கா உனக்குத் தெரிது?"

"மூஞ்சப் பாத்தா தெரியாதா?" என்றாள் சுந்தராம்பாள்.

"புல்லுக்கு இன்னாக்கா மூஞ்சி?"

"அதான் உனக்குத் தெரியல."

இதற்கு மேல் அவள் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஊரில் அதிக நிலம் வைத்திருந்த எல்லப்பன், நாற்று நடும் பொறுமை இல்லாதவர்; விதைத்துவிடுவார். வரிசை இல்லாத அந்த வயலில் சக்களத்தியைத் தேட சுந்தராம்பாளை விட்டால் ஆள் கிடையாது. மற்றப் பெண்களைவிட அவளுக்குக் கூலி கூடுதல். பத்து மணி டீயை மற்றவர்களுக்கு எல்லப்பனின் ஆள் கொண்டு வருவான். அவளுக்கு எல்லப்பனே தனிச் சொம்பில் கொண்டு வருவார். அவள் புருஷன் சின்னப்பையன் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். அங்கே மேனேஜருக்குக்கூட டீ பையன்தான் கொண்டு வருகிறான் என்று அவன் சொன்ன அன்றைக்கு அவள் நடையே மாறிப்போனது.

எண்பத்தேழில் விவசாய ஆபீசர் வரதராஜுலு வந்து சேர்ந்தார். காஞ்சிபுரத்துக்காரர். நல்ல மனிதர், டிவிஎஸ் ஐம்பதில் வருவார், செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்குவார். சக்களத்தியால் விவசாயிகள் படும் பாட்டைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டவர். ஒருநாள் பையில் கொஞ்சம் நாற்று கொண்டு வந்து எல்லப்பனின் பம்புசெட் வாசலில் பரப்பினார். இலை முழுக்க ஊதா.

"இன்னா சார் இது? நெல்லு கத்திரிக்கா கலர்ல கீது?" என்றார் எல்லப்பன்.

"அதுதாங்க விஷயம். இலைதான் ஊதா, அரிசி வெள்ளைதான். இதை விதைச்சா நெல் ஊதாவா இருக்கும், களை பச்சையா இருக்கும். பச்சையா எது கண்ணுல பட்டாலும் பிடுங்கிப் போட்டுடலாம். யார் வேணாலும் களை எடுக்கலாம். பழக்கமே தேவையில்லை."

அவர் சந்தோஷமாகச் சொன்னார். சுந்தராம்பாள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள் என்பதும், தான் இப்போது ஒரு அரசியின் மகுடத்தைக் கழற்றிவிட்டோம் என்பதும் அவருக்குத் தெரியாது.

கத்திரிக்காய் நெல் என்ற பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது. முதல் போகத்தில் வைக்கோலை மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு எல்லப்பனைப் பார்த்தன. இரண்டாம் போகத்தில் பழகிவிட்டன. ஆபீசர் சொன்னது அப்படியே பலித்தது. ஊதாக் கடலில் பச்சைப் புள்ளிகள் தூரத்திலிருந்தே தெரிந்தன. ஊதாவை விடு, பச்சையைப் பிடுங்கு, அவ்வளவுதான் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள், லீவு விட்ட பிள்ளைகள், விருந்துக்கு வந்த மருமகன் வரைக்கும் களை எடுத்தார்கள். ஊரே கத்திரிக்காய்க்கு மாறியது.

"நீயும் வா சுந்தராம்பா. ஆனா எல்லாருக்கும் குடுக்கிறதுதான் உனுக்கும்" என்றார் எல்லப்பன். "இப்பதான் எக்ஸ்ட்ரா கண்ணு தேவையில்லையே."

"தேவைப்படும்போது கூப்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சின்னப்பையன் யாரையோ பிடித்து அவளுக்குக் கம்பெனி கேன்டீனில் அரிசி பொறுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தான். கண் வேலைதானே, அவளுக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தான். சரியாகத்தான் இருந்தது, கேன்டீனுக்குத்தான் சரிப்படவில்லை. அவள் கல்லை மட்டும் பொறுக்காமல் சிவப்பு அரிசி, கறுப்பு அரிசி, உடைந்தது, கோணலானது எல்லாவற்றையும் பொறுக்கியதில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் சாப்பாடு செகண்ட் ஷிஃப்டுக்குத்தான் தயாரானது.

"ரெண்டு கல்லு இருந்தா ஒண்ணும் ஆயிடாதும்மா. லைன் நிக்கக் கூடாது" என்றார் சூப்பர்வைசர்.

"கல்லோட சோறு போடற எடத்துல எனக்கின்னா வேலை?" என்று கேட்டுவிட்டு அவள் அங்கிருந்தும் வந்துவிட்டாள். இரண்டு இடத்தில் தான் தேவையில்லை என்று சொல்லவிடாமல் தானாகவே வந்துவிட்டதில் அவளுக்குப் பெருமைதான்.

அதன் பிறகு கிடைத்த வேலையைச் செய்தாள். கத்திரிக்காய்த் தோட்டம், கடலைக் கொல்லை, யாராவது வீடு கட்டினால் கல் சுமப்பது. சாயங்காலம் மட்டும் எல்லப்பனின் வரப்பில் ஒரு நடை நடப்பாள். மடியில் வெற்றிலை இருக்கும். வயலைப் பார்த்து, அம்சவல்லிக்குக் கேட்கிறமாதிரி, "சாயம் போவாத துணி எங்கனா கீதா?" என்பாள். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். வயிற்றெரிச்சல்தான். ஆனால் அந்த நேரத்தில் வயலுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். நெல் பூக்கிறபோது மகரந்தம் பெரும்பாலும் தன் பூவிலேயே விழும். கொஞ்சம் காற்றில் போகும். அப்படிப் போன கத்திரிக்காய் மகரந்தம் எப்போதோ ஒரு சக்களத்திப் பூவில் விழுந்தது. அந்த மணி சேற்றில் உதிர்ந்து, அடுத்த போகத்தில் முளைத்தபோது இலை ஊதாவாக இருந்தது. புத்தி தாயின் புத்தி. களை எடுக்க வந்தவர்கள் ஊதா என்று மரியாதையாக விட்டுவிட்டுப் போனார்கள். அது வளர்ந்தது, மீசை விட்டது, மணியை உதிர்த்தது. பச்சைச் சக்களத்திகளோ ஒவ்வொரு போகத்திலும் வேரோடு போயின. முதலில் வயலுக்கு நாலைந்து ஊதாச் சக்களத்தி. யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் அங்கங்கே. யாரும் எதையும் திட்டம் போடவில்லை. ஊர் தன் கையாலேயே, கூலி கொடுத்து, டீ கொடுத்து, பச்சையை அழித்து ஊதாவை வளர்த்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நாடு முழுக்கத் தெரியும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்த வட்டாரத்தில் போலீஸ். ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி இறக்கி, எந்த ஊர், யார் வீடு, எதுக்கு வந்தே என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க ஜனங்களுக்கும் அந்தக் கண் வந்துவிட்டது. ஒன்று நடந்தால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான், சித்திரையில் விதைத்த சொர்ணவாரிப் பயிர் பூத்தது. எல்லப்பன் காலையில் வரப்புக்குப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வயலில் பாதிக்கு மேல் மீசை. ஊதா இலை, ஊதாத் தண்டு, நுனியில் நீள மீசை. தொட்டால் மணி கொட்டியது. பக்கத்து வயல், அதற்கடுத்த வயல், எல்லாம் அப்படியே.

முதலில் விதையில் கலப்படம் என்றார்கள். ஆனால் நிறையப் பேர் விதைத்தது சொந்த விதை. அப்புறம் யாரோ, பச்சைக் களைக்கு ஊதா எப்படி வரும், யாராவது வைத்தால்தானே வரும் என்றார்கள். வைத்தது யார் என்று யோசிக்க வெகு நேரம் ஆகவில்லை. தினம் சாயங்காலம் வரப்பில் நடந்தது யார்? மடியில் எதையோ வைத்துக்கொண்டு நடந்தது யார்? சாயம் போகும் என்று முன்கூட்டியே சொன்னது யார்?

பம்புசெட் எதிரில் கூட்டம் கூடியது. சுந்தராம்பாளைக் கூப்பிட்டனுப்பினார்கள். சின்னப்பையன் நைட் ஷிஃப்ட் தூக்கத்தோடு, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். யாரோ தகவல் சொல்லி வரதராஜுலுவும் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

"வேலை போச்சுன்னு வவுத்தெரிச்சல்ல நீதான் சக்களத்தி வெதையத் தூவினியா?" என்று எல்லப்பன் நேராகவே கேட்டார்.

"நானா? எனக்கு வேற வேலையில்ல பாரு."

"அக்கா தினம் வரப்புல நடந்ததை நான் பாத்தேன்" என்றாள் அம்சவல்லி. சொல்லிவிட்டு, "நடந்ததைத்தான் பாத்தேன், தூவினதைப் பாக்கல" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"தூவலன்னா வல்லக்கோட்டை முருகன் சன்னதியில வந்து சத்தியம் பண்ணு."

"வா, இப்பவே போவலாம். எனக்கின்னா பயம்?" என்று அவள் முந்தானையைச் செருகினாள். உண்மையிலேயே அவளுக்குப் பயமில்லை. அவள் எதையும் தூவவில்லை.

வரதராஜுலுவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையை நியாயமில்லாமல் நிறுத்திவைத்திருக்கிறார்களே என்று முன்னால் வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. இது யாரும் வெச்சது இல்லை. தானா வந்தது. சொல்றேன் கேளுங்க. இதோ இவரு கம்பெனியில வாட்ச்மேன். கேட்ல கம்பெனி நீலச் சட்டை போட்டவனை உள்ள விடுவாரு, மத்தவனை நிறுத்திடுவாரு. ஆளு யாருன்னு பாக்கிறதில்லை, சட்டையைத்தான் பாப்பாரு. சரியா?"

"ஐடி கார்டும் பாப்பேன் சார்" என்றான் சின்னப்பையன்.

"சரி, பாப்பீங்க. ஆனா சட்டையை மட்டும் பாத்தா என்ன ஆகும்? நாளாக ஆக உள்ள இருக்கிற திருடன் எல்லாம் நீலச் சட்டைக்காரனாத்தான் இருப்பான். மத்தவனைத்தான் நீங்க உள்ளயே விடலையே. அதேதான் இங்க நடந்தது. கலப்புல வந்த நாலு ஊதாவை நாம விட்டோம். விட்டது பெருகிச்சு. பிடுங்கினது அழிஞ்சுது. நாலு வருஷமா நாம எல்லாரும் சேர்ந்து பொறுக்கி எடுத்து வளர்த்த களை இது. தப்பு யார் மேலயும் இல்லை."

கூட்டம் யோசித்தது. யார் மேலும் தப்பில்லை என்றால் எல்லார் மேலும் தப்பு என்றுதான் அதற்கு அர்த்தம். அது யாருக்கும் பிடிக்கவில்லை.

"அப்ப இந்தப் பொம்பள ஒண்ணும் பண்ணல?" என்றார் எல்லப்பன் ஏமாற்றத்தோடு.

"பண்ணவே இல்லைங்க." வரதராஜுலுவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் கொஞ்சம் பெருமை சேர்க்க நினைத்தார். "சொல்லப்போனா, முன்ன இருந்த பச்சைச் சக்களத்தி அச்சு அசலா நெல்லு மாதிரியே இருந்துச்சே, ஏன்? இந்தம்மா மாதிரி கண்ணுள்ளவங்க தலைமுறை தலைமுறையா களை எடுத்ததாலதான். கொஞ்சம் வித்தியாசமா இருந்ததையெல்லாம் இவங்க பிடுங்கிட்டாங்க. இவங்க கண்ணுக்கே தெரியாம தப்பிச்சது எதுவோ அதுதான் விதை விட்டுச்சு. கண்ணு எவ்வளவு கூர்மையோ, களை அவ்வளவு நெல்லு மாதிரி ஆயிடுச்சு."

அவர் சிரித்தபடி அவளைப் பார்த்தார். சுந்தராம்பாள் சிரிக்கவில்லை.

"இன்னா சார் சொல்ற? என் கண்ணுக்குத் தப்பிச்சுதா?"

"தப்பிச்சதுதானேம்மா மிச்சம் இருந்தது. இல்லைன்னா ஒவ்வொரு போகமும் எப்படி முளைச்சிருக்கும்?"

பின்னால் யாரோ, "எக்ஸ்ரேக்கே தப்பிச்சிக்கீது" என்றார்கள். ஒரு சிரிப்பு கிளம்பியது. அம்சவல்லிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சுந்தராம்பாள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். இருபது வருஷம் குனிந்த முதுகு அவளுடையது. அத்தனை வருஷமும் ஒரு புல் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்று இந்த மனிதர் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொல்கிறார். அதை ஊர் கேட்டுச் சிரிக்கிறது.

"புல்லு இன்னாத்த ஏமாத்தறது" என்றாள். "நான்தான் தூவினேன்."

அம்சவல்லி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"அம்மா, நீங்க..." என்று ஆரம்பித்தார் வரதராஜுலு.

"நீ சும்மா இரு சார். உனக்கு இன்னா தெரியும்? நான்தான் தூவினேன். எனக்கு வேலை இல்லன்னு சொன்னாங்கல்ல, அதான். மடியில வெச்சிக்கினு போய்த் தூவினேன். ஊதாவா பாத்துப் பாத்துச் சேத்து வெச்சித் தூவினேன். இன்னா இப்போ?"

மறுத்திருந்தால் சத்தியம் கேட்டிருப்பார்கள். ஒப்புக்கொண்டதற்கு யாரும் சத்தியம் கேட்கவில்லை. எல்லப்பனின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தான் வளர்த்த களை இல்லை. இன்னொருத்தி வைத்த களை. கூட்டத்துக்கே அந்த நிம்மதி. வரதராஜுலு மட்டும், "அப்படி நடக்க வாய்ப்பே இல்லைங்க, இத்தனை வயலுக்கு ஒருத்தர் எப்படி..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை ஓரமாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள்.

வைத்தவளே எடுக்க வேண்டும் என்று முடிவானது.

"எடுக்கறேன்" என்றாள் சுந்தராம்பாள். "ஆனா பழைய கூலி. டீ சொம்புல வரணும்."

ஊர் வயலையெல்லாம் கெடுக்கத் தெரிந்த ஒருத்தியிடம் பேரம் பேச எல்லப்பனுக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு வீட்டில் சின்னப்பையன் ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இன்னாமே, நெஜமாவே தூவினியா?"

"சொன்னேன்ல."

"எப்ப தூவின? எனக்குத் தெரியாம?"

"உனக்குத் தெரிஞ்சி நான் இன்னா பண்ணிக்கீறேன் இதுவரைக்கும்?"

அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. மறுநாளும் கழுவினான். அவளுக்கு இந்தப் பொய்யின் ருசி அங்கேதான் தெரிய ஆரம்பித்தது.

சம்பாவுக்கு என்ன செய்வது என்று வரதராஜுலு சொன்னார். கத்திரிக்காயை நிறுத்திவிட்டுப் பழையபடி பச்சை நெல்லை விதையுங்கள். நெல் பச்சையாக இருந்தால் ஊதாச் சக்களத்தி தானாகக் காட்டிக்கொடுக்கும். அவ்வளவுதான் யோசனை. ஊர் கேட்டது. ஆனால் அதைச் சொன்னது அவர் என்பது ஒரு வாரத்தில் மறந்துபோனது.

புரட்டாசியில் பயிர் ஒரு சாண் எழுந்தபோது பச்சைக்குள் ஊதா, சிந்திய மை மாதிரி தெரிந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஆனால் யாரும் இறங்கவில்லை. வைத்தவள் எடுக்கட்டும் என்று வரப்பில் நின்றார்கள். சுந்தராம்பாள் இறங்கினாள். அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் பிடுங்குவதற்கு முன் ஒரு கணம் முறைத்துப் பார்த்துப் பிடுங்கினாள். முறைப்பது தேவையே இல்லை, பார்ப்பவர்களுக்காக. அம்சவல்லியும் மற்றவர்களும் பின்னால் கட்டுகளைத் தூக்கிப் போட்டார்கள். ஐப்பசி மழைக்குள் எல்லப்பன் வயல் முழுக்கப் பச்சையானது.

"வெச்சவளே எடுத்துட்டா பாரு" என்றார்கள். அவள் சொன்னது உண்மை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதற்கு முன் சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு பேரும் அன்றைக்கு நம்பிவிட்டார்கள்.

அதன் பிறகு அவளுக்குக் கூலி பாக்கி வைத்தவர் யாருமில்லை. ரேஷன் கடையில் வழி விட்டார்கள். படப்பையிலிருந்து ஒரு ஆள் சேவலோடு வந்து, தன் பங்காளி நிலத்தில் எதையாவது தூவ முடியுமா என்று கேட்டான். அந்தப் பாவத்தையெல்லாம் இப்போது விட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்; சேவல் மட்டும் தங்கிவிட்டது. எப்படித் தூவினாய் என்று பெண்கள் கேட்டால் முதலில் முறைப்பாள். பிறகு கொஞ்சம் சொல்வாள். கார்த்திகை வரும்போது அந்தக் கதையில் ஒரு அமாவாசை சேர்ந்திருந்தது, ஒரு மஞ்சள் துணி சேர்ந்திருந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த மஞ்சள் துணி கண்ணில் தெரிந்தது.

ஆனால் பயிர் பூத்தபோது ஒன்று நடந்தது. காலையில் தனியாக வரப்பில் போனவள் நின்றுவிட்டாள். பச்சை வயலில், பச்சை இலையோடு, அங்கொன்றும் இங்கொன்றுமாக மீசை. ஊதாவே இல்லாத, எத்தனையோ போகம் சேற்றில் உறங்கிக் கிடந்த மணியிலிருந்து முளைத்த பழைய, அசல் சக்களத்தி. ஊதாவைத் தேடித் தேடி எடுத்த வயலில், அவள் கால் பக்கத்திலேயே, அவளைப் பார்த்துக்கொண்டு வளர்ந்திருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சேற்றில் இறங்கி, கைக்கு எட்டிய கதிரையெல்லாம் ஒடித்து மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டுவிட்டு, அது எரிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றாள்.

மார்கழியில் வரதராஜுலுவுக்கு மாற்றல் வந்தது. டிவிஎஸ்ஸை முன்பே அனுப்பிவிட்டு ஒரகடம் கூட்ரோட்டில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். படப்பையில் மகள் வீட்டுக்குப் போக வந்த சுந்தராம்பாள் அவரைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு கிட்டே வந்தாள்.

"போறியா சார்?"

"ஆமாம்மா. திண்டிவனம் பக்கம்."

"அங்கயும் கத்திரிக்கா நெல்லா?"

"இல்லம்மா." அவர் சிரித்தார். மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க தூவலைன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"தூவினேன் சார்" என்றாள் அவள், அமைதியாக. அவர் தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தார். பஸ் வரவில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டா சார்?" என்றாள். "அந்தப் புல்லு நெல்லு மாதிரியே நிக்குதே, அது அதுக்குத் தெரியுமா?"

"எது?"

"நாம நெல்லு மாதிரி நின்னா இவ விட்டுட்டுப் போயிடுவான்னு. அதுக்குத் தெரியுமா?"

வரதராஜுலு பெட்டியைக் கீழே வைத்தார். நாலு வருஷத்தில் அந்த ஊரில் யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"தெரியாதும்மா. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆயிரம் முளைக்குது, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் வேற மாதிரி. நீங்க எடுத்தது போயிடுது. விட்டது நிக்குது. அவ்வளவுதான். அதுக்கு நெல்லுன்னா என்னன்னும் தெரியாது, நீங்க யாருன்னும் தெரியாது."

"நெஜமா தெரியாதா?"

"நிஜமா."

அவள் முகம் தெளிந்தது. "தெரியாதுன்னா அப்புறம் அது இன்னாத்த ஏமாத்தறது?" என்றாள். "ஏமாத்தணும்னா தெரிஞ்சி பண்ணணும்ல."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. சுந்தராம்பாள் அவர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அவளும் ஏறினாள். உட்கார இடம் இல்லை. கண்டக்டர் வடக்குப்பட்டு ஆள்; அவளைப் பார்த்ததும் முன் சீட்டில் இருந்தவனை எழுப்பிவிட்டான். அவள் உட்கார்ந்துகொண்டாள். விவசாய ஆபீசர் படப்பை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.